எஃப்-ல இருந்து ஒமேகாவுக்கு மாத்தறப்ப அந்த எச்சு 2பை எப்ப வரும், எப்ப வராது?

பவானி_பொடியன் (இரவு 10:12)

வணக்கமுங்க எல்லாருக்கும். மூணாவது வருசம் ஈசிஇ படிக்கறேன். ஃபூரியர் ட்ரான்ஸ்ஃபார்ம்ல (ஒரு சிக்னல்ல எந்தெந்த ஃப்ரீக்வென்சி எவ்வளவு இருக்குதுன்னு பிரிச்சுக் காட்டற கணக்கு) ஒரு எடத்துல ரெண்டு நாளா மண்ட காயுது, யாராச்சும் சொன்னா புண்ணியமா போகும்.

கிளாஸ்ல நடத்தறது பூரா ஒமேகால (ஃப்ரீக்வென்சிய ரேடியன்/செகண்ட்ல அளக்கறது). நான் பழைய புஸ்தகக் கடையில வாங்கி வெச்சிருக்கறது பூரா எஃப்-ல (ஹெர்ட்ஸ்ல அளக்கறது). ஒமேகா = 2பை × எஃப், அது தெரியுமுங்க. அதனால எஃப் இருக்கற எடத்துல ஒமேகா/2பை போட்டுட்டா சோலி முடிஞ்சுதுன்னு நெனச்சேன். இ பவர் மைனஸ் ஏடி (டி ஜீரோவுக்கு மேல மட்டும்) எடுத்துப் போட்டுப் பார்த்தேன், 1/(ஏ + ஜே2பைஎஃப்) அப்படியே 1/(ஏ + ஜேஒமேகா)ன்னு கச்சிதமா வந்துருச்சு (ஜே-ங்கறது ரூட்(−1)). அந்த தைரியத்துல இன்டர்னல் பரீட்சையில காஸ் (கொசைன்) சிக்னல் கேட்டப்பவும் அதே மாதிரி ½ டெல்டா(ஒமேகா − ஒமேகா0) + ½ டெல்டா(ஒமேகா + ஒமேகா0)ன்னு எழுதி வெச்சுட்டு வந்துட்டேன் (டெல்டான்னா ஒரே ஃப்ரீக்வென்சியில மட்டும் ஊசி மாதிரி நிக்கறது, ஒமேகா0 அந்த காஸோட ஃப்ரீக்வென்சி). செகப்பு மையில அந்த ½-ஐ அடிச்சுட்டு பை-ன்னு எழுதி 4 மார்க்கு போச்சு. ஏனுங்க சார்னு போய்க் கேட்டா "டேபிளப் பாரு"ன்னு ஒத்த வார்த்தை, அவ்வளவுதான்.

டேபிள்ல பை தான் இருக்குது, இல்லைங்கல. ஆனா அது எங்கிருந்து வந்துச்சு? ஒரே மாத்தற வேலை, ஒண்ணுக்கு வரல, இன்னொண்ணுக்கு வருது?

(போன்ல கிரேக்க எழுத்து எல்லாம் அடிக்க வரலைங்க, அதனால எல்லாத்தையும் தமிழ்லயே அடிச்சிருக்கேன், பொறுத்துக்குங்க)

தாராபுரத்தான் (இரவு 10:20)

இது ரொம்ப சிம்பிள் தம்பி. ஒமேகாவுக்கு மாத்தறப்ப 2பை-யால பெருக்கணும். ½ × 2பை = பை. முடிஞ்சுது. போய்த் தூங்கு.

பவானி_பொடியன் (இரவு 10:24)

அண்ணா அப்படின்னா இ பவர் மைனஸ் ஏடி-க்கும் 2பை/(ஏ + ஜேஒமேகா)ன்னு வரணும்ல? டேபிள்ல வெறும் 1/(ஏ + ஜேஒமேகா) தான இருக்குது.

தாராபுரத்தான் (இரவு 10:31)

அட ஆமால்ல. நான் கம்முனு இருக்கேன், பெரியவங்க யாராச்சும் வருவாங்க.

கணக்கு_அக்கா (இரவு 11:05)

கண்ணு, நீ செஞ்சது தப்பே இல்ல, பாதி வழியில நின்னுட்ட, அவ்வளவுதான். எஃப் எடத்துல ஒமேகா/2பை போடறதுதான் முழு விதியும், உங்க கிளாஸ்ல சொல்ற ஒமேகா வடிவத்துக்கு (டைம்ல இருந்து ஃப்ரீக்வென்சிக்குப் போற ஃபார்வர்டுல முன்னால எதுவும் பெருக்காது, திருப்பி வர்ற இன்வர்ஸ்ல மட்டும் 1/2பை) வேற எந்த விதியும் கெடையாது. ஆனா நீ எழுதுனது டெல்டா(ஒமேகா − ஒமேகா0). போட்டிருக்க வேண்டியது டெல்டா((ஒமேகா − ஒமேகா0)/2பை). அந்த 2பை-ஐ உள்ள இருந்து கம்முனு தூக்கிப் போட்டுட்ட பாரு, அங்கதான் 4 மார்க்கு போயிருச்சு. மத்த ஃபங்ஷன்ல உள்ள இருக்கற 2பை-ஐ யாரும் மறக்க மாட்டாங்க, டெல்டான்னு வந்தா மட்டும் "அது ஒரு அம்புக்குறி தான, எங்க நிக்குதுன்னு பார்த்தாப் போதும்"னு விட்டுடறது. நானும் படிக்கறப்ப விட்டவதான்.

ஃபார்முலா வேணாம், ஒரு படம் போட்டுப் பாரு. டெல்டாவுக்கு பதிலா ஒல்லியா ஒரு செவ்வகம் வெச்சுக்கோ. எஃப் அச்சுல அகலம் 0.01 ஹெர்ட்ஸ், உசரம் 50. பரப்பு 0.5, அதாவது உன்ற ½ டெல்டா. இப்ப அதே படத்த ஒமேகா அச்சுல வரை. மாத்தற விதிப்படி உசரம் மாறாது, அதே 50 தான். ஆனா 0.01 ஹெர்ட்ஸ் அகலம்ங்கறது ஒமேகாவுல 0.0628 ரேடியன்/செகண்ட். 50-ஐ 0.0628-ஆல பெருக்கு.

பவானி_பொடியன் (இரவு 11:11)

3.14.

அக்கா!!! பை!!!

கணக்கு_அக்கா (இரவு 11:19)

அதேதான். டெல்டாவுக்கு உசரம்னு ஒண்ணு கெடையாது, பரப்பு மட்டுந்தான் அதுக்கு அடையாளம். அச்சு 2பை மடங்கு நீண்டா பரப்பும் 2பை மடங்கு. டெல்டா(ஒமேகா/2பை) = 2பை × டெல்டா(ஒமேகா). இ பவர் மைனஸ் ஏடி மாதிரி சாதா வளைவுக்கு நாம எழுதி வெக்கறது உசரத்த, அது மாறாது. அதுக்கும் கீழ இருக்கற பரப்பு 2பை மடங்கு ஆகத்தான் செய்யுது, ஆனா நாம பரப்ப எழுதறதில்லியே.

தாராபுரத்தார் சொன்ன விதி டெல்டாவுக்கு மட்டும் சரி, அந்த அளவுக்கு அவருக்கு பாதி மார்க்கு.

தாராபுரத்தான் (இரவு 11:22)

பாதி மார்க்குன்னா ½-ஆ இல்ல பை-யா அக்கா

தறிச்சத்தம் (காலை 6:50)

ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு இப்பதான் பாக்கறேன். அக்கா சொன்னத எங்க சோமனூர் பக்கத்து பாஷையில சொல்றேன், எனக்கு இது தறி வெச்சுத்தான் புரிஞ்சுது, காலேஜ்ல புரியல.

துணியில இஞ்சுக்கு 60 பாவு இழைன்னு வெச்சுக்குங்க. அகலம் 50 இஞ்சு. மொத்தம் 3000 இழை. இப்ப ஒருத்தர் சென்டிமீட்டர் டேப்ப கொண்டு வந்து அளக்கறார், 127 சென்டிமீட்டர். ஆனா சீட்டுல "60"ங்கற நம்பர மட்டும் மாத்தாம வெச்சுட்டார்னா, 60 × 127 = 7620 இழைன்னு கணக்கு வரும். நெசத்துல இழை கூடல, 60-ங்கறது இன்னும் இஞ்சுக் கணக்குலயே நிக்குது, அச்சு மட்டும் சென்டிமீட்டருக்குப் போயிருச்சு. சரியான கணக்கு வேணும்னா கூட்டறப்ப 2.54-ஆல வகுத்துத்தான் ஆகணும், 7620/2.54 = 3000.

தம்பியோட ஒமேகா ஸ்பெக்ட்ரமும் அதேதானுங்க. அச்சுல ரேடியன்/செகண்ட்னு எழுதியிருக்கும், ஆனா அந்த உசரம் இன்னமும் ஹெர்ட்ஸுக்கு இவ்வளவுங்கற கணக்குதான். அதனாலதான் இன்வர்ஸ்ல கூட்டறப்ப டி-ஒமேகாவ (ஒமேகா அச்சுல ஒரு துளி அகலம்) மொட்டையா விடாம டி-ஒமேகா/2பை-ன்னு போடறாங்க. இன்வர்ஸ் ஃபார்முலாவுல முன்னால நிக்கற 1/2பை என்னமோ சாமி வரம் மாதிரி புஸ்தகத்துல போட்டிருப்பாங்க, அது இஞ்சு-சென்டிமீட்டர் சமாச்சாரந்தான்.

பவானி_பொடியன் (காலை 7:30)

அண்ணா இது ஒட்டுக்கா பல கேள்விக்கு பதிலாயிருச்சு. பார்செவல் விதியில (எனர்ஜிய டைம்ல கூட்டுனாலும் ஃப்ரீக்வென்சியில கூட்டுனாலும் ஒண்ணுதான்ங்கறது) ஒமேகா போட்டா 1/2பை வருதே, அதும் இதேதானுங்களா? அப்புறம் டைம்ல ரெண்டு சிக்னல பெருக்குனா எஃப்-ல சும்மா கன்வல்யூஷன் (ஒண்ண திருப்பி வெச்சு இன்னொண்ணு மேல நகத்திப் பெருக்கிக் கூட்டறது), ஒமேகால கன்வல்யூஷனுக்கு முன்னாடி 1/2பை?

கணக்கு_அக்கா (காலை 8:02)

ரெண்டும் அதேதான். எங்கெல்லாம் ஃப்ரீக்வென்சி மேல ஒரு இண்டெக்ரல் ஓடுதோ அங்கெல்லாம் டி-எஃப் எடத்துல டி-ஒமேகா/2பை. கன்வல்யூஷனும் ஒரு இண்டெக்ரல் தான. ஆனா டெரிவேடிவ்ல இண்டெக்ரல் இல்ல, ஜே2பைஎஃப் நேரா ஜேஒமேகா ஆயிரும், எச்சு ஒண்ணும் வராது.

பார்செவல கையில போட்டுப் பாரு, 2 நிமிசம். உன்ற இ பவர் மைனஸ் ஏடி-ல ஏ = 1 வெச்சுக்கோ. எனர்ஜிக்கு ஸ்கொயர் எடுக்கணும், டைம்ல இ பவர் மைனஸ் 2டி-யோட பரப்பு ½. ஒமேகாவுல 1/(1 + ஒமேகா ஸ்கொயர்), மைனஸ் இன்ஃபினிட்டில இருந்து ப்ளஸ் இன்ஃபினிட்டி வரைக்கும் பரப்பு பை. பை-ஐ 2பை-யால வகுத்தா ½. உக்காந்துக்கும். மாத்துன பொறகு சந்தேகம் வந்தா மொதல்ல இந்த எனர்ஜி கணக்கப் போட்டுப் பாக்கறது என்ற பழக்கம், எங்க 2பை தவறிச்சுன்னு அது காட்டிக் குடுத்துரும். காஸ், ஸ்டெப் (டி ஜீரோ வரைக்கும் 0, அப்புறம் 1) மாதிரி எனர்ஜி இன்ஃபினிட்டிக்குப் போற சிக்னலுக்கு மட்டும் இது ஆகாது, அதுக்கு இன்வர்ஸ் போட்டுப் பாக்கணும்.

பட்டறை_1440 (காலை 9:40)

நானும் கொஞ்சம் பேசறனுங்க. கோயமுத்தூர்ல மோட்டார் பட்டறை, இப்ப வைப்ரேஷன் பாக்கற வேலையும் செய்யறோம். இந்த 2பை மார்க்க மட்டும் திங்காது, காசையும் திங்கும்.

மூணு நாலு வருசம் முன்னாடி ஒரு பார்ட்டிக்கு ரிப்போர்ட் குடுத்தோம். பவர் ஸ்பெக்ட்ரல் டென்சிட்டி (பிஎஸ்டி, எந்த ஃப்ரீக்வென்சியில எவ்வளவு அதிர்வுன்னு காட்டறது), ஜி ஸ்கொயர் பெர் ஹெர்ட்ஸ்ல (ஜி-ன்னா புவியீர்ப்பு முடுக்கம்) 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 120 ஹெர்ட்ஸ் வரைக்கும் சமமா 0.01. பரப்பு 0.01 × 100 = 1, ரூட் எடுத்தா 1 ஜி ஆர்எம்எஸ். அவங்களுக்கு ரேடியன்/செகண்ட்ல வேணும்னாங்க. எங்ககிட்ட இருந்த பையன் அச்ச மட்டும் 2பை-யால பெருக்கி, தலைப்புல "ஜி ஸ்கொயர் பெர் ரேடியன்/செகண்ட்"னு மாத்தி தாட்டி விட்டுட்டான். உசரம் அதே 0.01. அவங்க கூட்டிப் பார்த்தா 6.28, ரூட் எடுத்தா 2.5 ஜி. "உங்க பேரிங் செத்துப் போச்சுன்னு சொல்லுங்க"ன்னு போன் மேல போன். சரியானது 0.01-ஐ 6.28-ஆல வகுத்து 0.00159. அகலம் 628, பெருக்குனா மறுக்கா 1. பையனத் திட்டல, நானும் பாக்காமத்தான கையெழுத்துப் போட்டேன்.

ஆனா ஒரு சந்தேகமுங்க. டென்சிட்டிய 2பை-யால வகுக்கணும்கறது எனக்கு அனுபவத்துல தெரியும். அக்கா சொல்றது உசரம் மாறாது, டெல்டாவ பெருக்கணும்னு. ரெண்டும் இடிக்குதுங்களே?

நொய்யல்காரன் (காலை 10:15)

நல்ல கேள்விங்கண்ணா, இங்கதான் நெறைய பேரு முட்டிக்கறது. இடிக்கல. நீங்க மாத்துனது யூனிட்டையும் சேத்து. "ஹெர்ட்ஸுக்கு இவ்வளவு" அப்படிங்கறத "ரேடியன்/செகண்டுக்கு இவ்வளவு"ன்னு மாத்துனா மொத்தப் பரப்பு மாறக் கூடாது, அதனால வகுக்கறீங்க. தறிக்காரர் கணக்குல சொன்னா, சீட்டுல இருக்கற 60-ஐ சென்டிமீட்டருக்கு 23.6-ன்னு மாத்தி எழுதிட்டீங்க.

ஃபூரியர்ல கிளாஸ் வடிவத்துல அந்த 60-ஐ யாரும் மாத்தறதில்ல, இஞ்சுக் கணக்குலயே விட்டுட்டு கூட்டறப்ப வகுத்துக்கலாம்னு விட்டுட்டாங்க. பிஎஸ்டி-லயும் சில புஸ்தகம் உசரத்த மாத்தாம டி-ஒமேகா/2பை-ன்னு கூட்டறதுண்டு. அதனால ரேடியன்ல ஒரு பிஎஸ்டி வந்தா மொதல்ல கேக்க வேண்டியது "இதக் கூட்டறப்ப வகுக்கணுமா, ஏற்கெனவே வகுத்தாச்சா"ன்னுதான்.

பட்டறை_1440 (காலை 10:21)

இது தெரியாமத்தான் இத்தன வருசம் வண்டி ஓட்டியிருக்கேன். சரிங்க.

இன்னொரு சமாச்சாரம், எங்க அப்பாரு காலத்து மோட்டார் தகட்டுல ஹெர்ட்ஸ்னு இருக்காது, 50 சைக்கிள்ஸ்னு இருக்கும். 1960-லதான் ஹெர்ட்ஸ்ங்கறது எஸ்ஐ-ல சேர்ந்துச்சு. எனக்கென்னமோ சைக்கிள்ஸ்னு சொன்னாத்தான் புரியுது. 1440 ஆர்பிஎம் மோட்டார்னா செகண்டுக்கு 24 சுத்து, ஒவ்வொரு சுத்துக்கும் 2பை ரேடியன், 150.8 ரேடியன்/செகண்ட். "சுத்து"ன்னு சொல்லிட்டா 2பை எதுக்கு வருதுன்னு சின்னப் பையனுக்கும் தெரியும். ஹெர்ட்ஸ், ரேடியன்/செகண்ட் ரெண்டுமே பேப்பர்ல "1/செகண்ட்"னு ஒரே யூனிட்டா தெரியறதுதான் வெனையே. யூனிட் செக் பண்ணுனாலும் தப்பு தெரியாது, கம்முனு ஒளிஞ்சுக்கும்.

நொய்யல்காரன் (காலை 10:48)

சத்தியமான வார்த்தை. சாஃப்ட்வேர்ல இன்னும் கூத்து. நான் அடிபட்டதுல சிலது (நம்பை, சைபை, சிம்பை மூணும் பைதான் லைப்ரரி, மேட்லாப், மேத்தமேட்டிகா தனி கணக்கு சாஃப்ட்வேர்):

நம்பை-ல எஃப்எஃப்டி-ஃப்ரெக் குடுக்கறது எஃப் தான், ரேடியன் இல்ல. சைபை-ல அனலாக் ஃபில்டருக்கு கட்-ஆஃப் கேக்கறது ரேடியன்/செகண்ட். 50 ஹெர்ட்ஸ்ல வெட்டணும்னு 50-ன்னு குடுத்தீங்கன்னா அது 7.96 ஹெர்ட்ஸ்ல வெட்டிரும், குடுக்க வேண்டியது 314.16. எர்ரர் எதும் வராது, அழகா ஒரு கிராஃப் வரும், தப்பா வரும். சிம்பை-ல ஃபூரியர் ட்ரான்ஸ்ஃபார்ம்னு கூப்பிட்டா எஃப் வடிவம், மேட்லாப் சிம்பாலிக்ல கூப்பிட்டா ஒமேகா வடிவம். மேத்தமேட்டிகா ரெண்டும் இல்லாம 1/ரூட்(2பை) போட்டு, போதாக்கொறைக்கு எக்ஸ்பொனென்ஷியல்ல மைனஸுக்கு பதிலா ப்ளஸ் வெச்சிருக்கும் (செட்டிங்ல மாத்திக்கலாம்).

அப்புறம் சிங்க், அதாவது சைன்(எக்ஸ்)/எக்ஸ் வடிவம். பொடியன் தம்பி இத நல்லா பார்த்துக்க. 1 செகண்ட் அகல பல்ஸ், எஃப்-ல சைன்(பைஎஃப்)/(பைஎஃப்), ஒமேகால சைன்(ஒமேகா/2)/(ஒமேகா/2). மொத ஜீரோ 1 ஹெர்ட்ஸ்ல, அதாவது 6.28 ரேடியன்/செகண்ட்ல. நம்பை சிங்க்-குள்ள பை ஏற்கெனவே ஒளிஞ்சிருக்கு. அது தெரியாம ஒமேகா/2-ன்னு குடுத்தா ஜீரோ ஒமேகா = 2-ல வந்து நிக்கும். ஒமேகா/2பை-ன்னு குடுத்தாத்தான் சரி. இதுக்கு ஒரு சாயங்காலம் பூரா போச்சு எனக்கு, டீ ஆறிப் போய் ஏடு கட்டிருச்சு.

பவானி_பொடியன் (மதியம் 1:15)

அந்த 1/ரூட்(2பை) என்னங்கண்ணா புதுசா? இது வேறயா?

கணக்கு_அக்கா (மதியம் 2:30)

பயப்படாத. இன்வர்ஸ்ல நிக்கற 1/2பை-ஐ ரெண்டா ஒடச்சு ஃபார்வர்டுக்கு ஒரு ரூட், இன்வர்ஸுக்கு ஒரு ரூட்டுனு பங்கு பிரிச்சுக்கறாங்க. இயற்பியல்காரங்களுக்கு அதான் பிடிக்கும். அண்ணன் தம்பி காடு பிரிக்கற மாதிரி சமமா இருக்கும், பார்செவல்லயும் 1/2பை வராது. ஆனா அதுக்கு வெல ஒண்ணு இருக்கு, கன்வல்யூஷன்ல ரூட்(2பை) வந்து தொத்திக்கும். மாத்தறதுக்கு, எஃப் எடத்துல ஒமேகா/2பை போட்டு வந்தத ரூட்(2பை)-ஆல வகுத்துரு, தீர்ந்துது. உன்ற காஸுக்கு பை/ரூட்(2பை), அதாவது ரூட்(பை/2), 1.2533.

என்னக் கேட்டா எஃப் வடிவம்தான் நல்ல கொணம். எங்கியுமே முன்னாடி எதும் நிக்காது. டூயாலிட்டிலயும் (டைமையும் ஃப்ரீக்வென்சியையும் எடம் மாத்திப் போடறது) சுத்தம், திருப்பிப் போட்டா திருப்பி வரும். ஒமேகால திருப்பிப் போட்டா 2பை ஒட்டிக்கிட்டு வரும். ஆனா டிஃபரென்ஷியல் ஈக்வேஷன் போடறவங்க ஒவ்வொரு டெரிவேடிவுக்கும் ஜே2பைஎஃப், ஜே2பைஎஃப்னு எழுதிக் கை ஓஞ்சுருவாங்க, அவங்களுக்கு ஒமேகாதான் தோது.

நீ ஸ்டெப் ஃபங்ஷன போட்டுக் காட்டு இப்ப. எஃப்-ல ½ டெல்டா(எஃப்) + 1/(ஜே2பைஎஃப்).

பவானி_பொடியன் (மதியம் 3:05)

பை டெல்டா(ஒமேகா) + 2பை/(ஜேஒமேகா) ங்களா?

தறிச்சத்தம் (மதியம் 3:09)

ரெண்டாவதுக்கு எதுக்கு 2பை பெருக்குன

பவானி_பொடியன் (மதியம் 3:14)

ஐயோ தாராபுரத்து அண்ணன் விதி உள்ள போய் உக்காந்துருச்சுங்க. எஃப் எடத்துல ஒமேகா/2பை போட்டா 2பை-யும் 2பை-யும் அடிபட்டு வெறும் 1/(ஜேஒமேகா). மொத்தம் பை டெல்டா(ஒமேகா) + 1/(ஜேஒமேகா). டேபிள்லயும் அதான் இருக்குது.

தாராபுரத்தான் (மதியம் 3:20)

என்ற பேர எதுக்குய்யா இழுக்கற, நான்தான் நேத்தே ஒத்துக்கிட்டனே

கணக்கு_அக்கா (மதியம் 3:41)

சரியா வந்துருச்சு. இன்னும் ஒண்ணு, மார்க்குக்கு இல்ல, ருசிக்கு. டி-ங்கற நேர்கோட்டுக்கு எஃப்-ல (ஜே/2பை) டெல்டா-ப்ரைம்(எஃப்). டெல்டாவோட டெரிவேடிவ். அத ஒமேகாவுக்கு மாத்து. 2பை ஒரு தடவ பெருக்குனா போதாது, அத மட்டும் சொல்லி வெக்கறேன்.

பவானி_பொடியன் (மாலை 6:55)

டெல்டா-ப்ரைம்(ஒமேகா/2பை)... டெல்டாவுக்கு ஒரு 2பை, டெரிவேடிவ் எடுத்ததுக்கு இன்னொரு 2பை. ஆக 2பை ஸ்கொயர். (ஜே/2பை) × (2பை) ஸ்கொயர் = ஜே2பை டெல்டா-ப்ரைம்(ஒமேகா). இன்வர்ஸும் போட்டுப் பார்த்துட்டேங்க்கா, மறுக்கா டி-யே வந்துருச்சு. சாரே இதக் கேட்டிருக்க மாட்டாரு.

தாராபுரத்தான் (இரவு 8:10)

எல்லாம் சரி, திரும்பி ஒமேகால இருந்து எஃப்-க்கு வர்றப்ப? அதுக்கு ஒரு விதி சொல்லுங்க, இந்தத் தடவ நான் வாயே தெறக்கல.

பவானி_பொடியன் (இரவு 8:26)

நான் சொல்றேங்கண்ணா. ஒமேகா எடத்துல 2பைஎஃப் போடுங்க. காஸுக்கு பை டெல்டா(2பைஎஃப் − 2பைஎஃப்0), வெளிய எடுத்தா பை டெல்டா(2பை(எஃப் − எஃப்0)). இப்ப அச்சு சுருங்குது, அதனால டெல்டா 1/2பை ஆயிரும். பை × 1/2பை = ½. ப்ளஸ் பக்கம் ஒண்ணு, மைனஸ் பக்கம் ஒண்ணு. அக்கா சரிங்களா?

கணக்கு_அக்கா (இரவு 8:44)

சரி கண்ணு. டெல்டா(ஏ × எக்ஸ்) வர்றப்ப வகுக்கறது ஏ-யோட மாடுலஸால, அத ஒரு வரி எழுதி வெச்சுரு. 2பை பாசிட்டிவ்ங்கறதால இங்க தெரியல, நாளைக்கு மைனஸ் வந்தா மாட்டிக்குவ.